ஈயம் துருவைத் தடுக்குமா, தூண்டுமா?

படிவம் 5 வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஆய்வு இது. ஐந்து சோதனைக் குழாய்கள், ஐந்து இரும்பு ஆணிகள். ஓர் ஆணியை அப்படியே விட்டுவிடுகிறோம். மற்ற நான்கு ஆணிகளில் மக்னீசியம், துத்தநாகம், ஈயம், செம்பு ஆகிய உலோகப் பட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்றுகிறோம். அவற்றின் மேல் வெதுவெதுப்பான ஜெல்லிக் கரைசலை ஊற்றுகிறோம். அந்த ஜெல்லியில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று பொட்டாசியம் ஹெக்சாசயனோஃபெரேட். இரும்பு கரையத் தொடங்கினால் கருநீலமாகும். மற்றொன்று ஃபினோல்ஃப்தலீன், ஹைட்ராக்சைடு அயனி உண்டானால் இளஞ்சிவப்பாகும்.

மறுநாள் பார்த்தால் மக்னீசியமும் துத்தநாகமும் சுற்றிய ஆணிகளில் நீலமே இருக்காது. வெறும் ஆணியில் கொஞ்சம் நீலம் இருக்கும். ஈயமும் செம்பும் சுற்றிய ஆணிகளில் வெறும் ஆணியைவிட அதிகமாக நீலம் பரவியிருக்கும்.

முடிவை எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த முடிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஈயம் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிறது. அப்படியானால் கெட்டிப்பால் டின், சார்டின் டின், அன்னாசி டின் எல்லாவற்றுக்கும் இரும்புத் தகட்டின் மேல் ஈயத்தைப் பூசியது ஏன்? இருநூறு ஆண்டுகளாக உலகமே ஒரு தவற்றைச் செய்துகொண்டிருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் பினாங்கு வழியாகப் போக வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் மலேசியாவில் ஈயம் என்று சொல்வது, மலாய்ப் பாடநூலில் ‘ஸ்தானும்’ என்றும் பேச்சில் ‘தீமா’ என்றும் வரும் உலோகம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு வெள்ளீயம் என்று பெயர். ‘புளும்பும்’ எனப்படும் நச்சு உலோகம் காரீயம். மலாய்மொழியும் இதே போலத்தான் ‘தீமா பூத்தே’, ‘தீமா ஹீத்தாம்’ என்று வெள்ளையும் கறுப்புமாகப் பிரித்தது. இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் வெள்ளீயம் மட்டுமே. அதே போல, வீட்டுக் கூரைத் தகரம் வேறு, பால் டின் தகரம் வேறு. கூரையில் இருப்பது துத்தநாகம் பூசிய இரும்பு. டின்னில் இருப்பது ஈயம் பூசிய இரும்பு. இரண்டையும் தகரம் என்றே அழைக்கிறோம். ஆனால் இரண்டும் இரும்பைக் காக்கும் விதம் நேர் எதிரானது.

கவசமா, காவலாளியா?

இரும்பு துருப்பிடிப்பது ஒரு குட்டி மின்கலம் போன்றது. ஓர் இடத்தில் இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. இன்னோர் இடத்தில் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனும் நீரும் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. எலெக்ட்ரானைக் கொடுக்கும் இடம் அனோட், வாங்கும் இடம் கேத்தோட்.

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், எலெக்ட்ரானை எளிதில் விடுவது அனோட் ஆகிக் கரையும், மற்றது தப்பித்துக்கொள்ளும். நியம மின்னழுத்தப் பட்டியலில் துத்தநாகம் -0.76 வோல்ட், இரும்பு -0.44, ஈயம் -0.14. துத்தநாகம் இரும்பைவிடத் தாராளமாக எலெக்ட்ரானைக் கொடுக்கும். அதனால் கூரைத் தகரத்தில் கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். இது காவலாளி முறை.

ஈயத்தால் அது முடியாது. அது இரும்பை முழுவதும் மூடி, நீரும் காற்றும் தொடாமல் வைத்திருக்கும் வரைதான் பாதுகாப்பு. இது கவச முறை. கவசத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால்கூட நிலைமை தலைகீழாகிவிடும். பரந்த ஈயப் பரப்பு முழுவதும் கேத்தோட். அந்தச் சிறிய ஓட்டையில் தெரியும் இரும்பு மட்டும் அனோட். முழுப் பரப்பும் கேட்கும் எலெக்ட்ரான்களை அந்த ஒரு புள்ளி கொடுத்தாக வேண்டும். அதனால் துரு அந்த இடத்தில் பள்ளம் பறிக்கும். பைராம் தோட்டம் போலக் கடல் காற்று எட்டும் இடங்களில் காலி டின்களைக் கொல்லையில் போட்டுப் பாருங்கள். முதலில் பழுப்பாவது விளிம்பும், மடிப்பும், கீறல் விழுந்த இடமும்தான். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

சோதனைக் குழாயில் நாம் பார்த்ததும் இதுவே. பட்டையைச் சுற்றிய ஆணியில் ஈயமும் இரும்பும் ஒரே சமயத்தில் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. அது ஆயிரம் ஓட்டைகள் உள்ள கவசத்துக்குச் சமம். ஆகவே ஆய்வும் சரி, பால் டின்னும் சரி. ஈயப் பூச்சில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. கடந்த நூறு ஆண்டுகளில் இந்தத் தொழிலில் நடந்த முன்னேற்றங்களில் பெரும்பாலானவை, ஈயத்தை எவ்வளவு மெல்லியதாக்கினாலும் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றியவையே.

முக்கி எடுத்த காலம்

உருகிய ஈயத்தில் இரும்புத் தகட்டை முக்கி எடுப்பது பழைய முறை. நம் தாத்தா பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியதும் இதன் உறவுமுறைதான். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தை உருக்கித் துணியால் தேய்த்துப் பரப்புவார்கள். நவச்சாரம் எதற்கு? பித்தளையின் மேல் படிந்த ஆக்சைடை நீக்க. அழுக்கு இருந்தால் ஈயம் ஒட்டாது. இந்த ஒரு விதி தெருவோரத்தில் ஈயம் பூசியவருக்கும் இன்றைய பெரிய ஆலைக்கும் பொது.

உணவை டின்னில் அடைக்கும் உரிமத்தை இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் 1810இல் பெற்றார். ஈயம் நச்சில்லாதது, உணவின் சுவையைப் பெரிதாகக் கெடுக்காதது, பற்றவைக்க எளிதானது. அதனால் டின் தொழில் வளர வளர ஈயத்தின் தேவையும் வளர்ந்தது. அந்த ஈயத்தில் பெரும் பகுதி எங்கிருந்து போனது தெரியுமா? மலாயாவிலிருந்து. பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோண்டிய தாதுவை உருக்கியவற்றுள் இரண்டு பெரிய ஆலைகள் பினாங்கில் இருந்தன. ஒன்று ஜார்ஜ் டவுன் டத்தோ கெராமாட் சாலையில் இருந்த ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங். மற்றொன்று பட்டர்வொர்த்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1902இல் தொடங்கியது. இன்று டத்தோ கெராமாட் சாலையில் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் பேரங்காடிக்குப் போகிறீர்களே, அந்த நிலத்தில்தான் ஒரு காலத்தில் உலைகள் எரிந்தன.

முக்கும் முறையில் ஒரு தொல்லை உண்டு. எவ்வளவு ஈயம் ஒட்ட வேண்டும் என்று நாம் சொல்லி அது கேட்காது. தகட்டை வெளியே எடுக்கும்போது உருளைகளால் அழுத்திப் பிழிந்தாலும், ஒரு பக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 14 கிராம், 17 கிராம் என்று ஒட்டிக்கொண்டே வரும். மெல்லியதாகப் பூச முயன்றால் திட்டுத்திட்டாக ஓட்டை விழும். ஈயம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்த வரையில் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் பினாங்கு அவர்கள் கையில். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. வரலாற்றுப் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். வேதியியல் பாடத்தில் வராத மறுபக்கம் ஒன்று இருக்கிறது. மலாயாவின் ஈயமும், அடுத்து வீழ்ந்த டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் ஈயமும் ஒரே அடியாக நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போயின. அதே சமயம் போர்முனைக்கு அனுப்ப முன்பைவிட அதிகமாக உணவு டின்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் அப்போது பற்பசைக் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. பழைய குழாயைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிய பற்பசை வாங்க முடியும் என்று 1942இல் விதி போட்டார்கள். அவ்வளவு தட்டுப்பாடு.

குறைந்த ஈயத்தில் அதே டின்னைச் செய்யும் வழி ஒன்று அப்போது தயாராக இருந்தது. 1930களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தொடங்கிய மின்முலாம் முறை அது. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த எஃகு ஆலைகள் போர்க்காலத்தில் அடுத்தடுத்து மின்முலாம் பிரிவுகளை நிறுவின. முக்கும் முறையில் ஆகும் ஈயத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே இதற்குப் போதுமாக இருந்தது. பினாங்கு உலைகள் எதிரியின் கையில் சிக்கியதால், உலகம் நம் ஈயத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொண்டது. போர் முடிந்து மலாயா ஈயம் மறுபடி கப்பலேறியபோதும் அந்தச் சிக்கனம் போகவில்லை. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து ஈய விலை சரிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு டின்னுக்கு ஆகும் ஈயம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்ததும் அலுமினிய டின் வந்ததும் அவற்றுள் அடங்கும்.

இரண்டு விநாடி முலாம்

மின்முலாம் உங்களுக்குப் புதிதல்ல. இரும்புச் சாவிக்குச் செம்பு முலாம் பூசுவதைப் படித்திருக்கிறீர்கள். முலாம் பூச வேண்டிய பொருள் கேத்தோட், பூசும் உலோகம் அனோட், நடுவில் அந்த உலோகத்தின் உப்புக் கரைசல். ஆலையிலும் அதேதான். சாவிக்குப் பதில், 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு பல கிலோமீட்டர் நீளச் சுருளாக வந்து, தொட்டிக்குள் இறங்கி ஏறி நிமிடத்துக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் ஓடும். நம் நாட்டிலேயே ஜொகூர் பாசிர் கூடாங்கில் இப்படி ஓர் ஆலை இருக்கிறது. அதன் முழுப்பெயர் பெருசாஹான் சாடூர் தீமா மலேசியா. ‘சாடூர்’ என்றால் முலாம். பெயரிலேயே தொழிலைச் சொல்லிவிட்டார்கள்.

இந்த முறையின் அழகு, ஈயத்தை எண்ணி எண்ணிப் போட முடிவதுதான். ஒரு கணக்குப் போடுவோம், தாளை எடுங்கள். ஒரு பக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.8 கிராம் ஈயம் வேண்டும். ஈயத்தின் மோலார் நிறை 118.7 கிராம். ஓர் ஈய அயனிக்கு இரண்டு எலெக்ட்ரான் தேவை, ஆகவே 118.7 கிராமுக்கு 2 × 96,500 = 193,000 கூலோம். 2.8 கிராமுக்கு ஏறத்தாழ 4,550 கூலோம். சதுர மீட்டருக்கு 2,500 ஆம்பியர் மின்னோட்டம் கொடுத்தால் எத்தனை விநாடி? 4,550ஐ 2,500ஆல் வகுத்தால் 1.8. இரண்டு விநாடிக்குள் முலாம் முடிந்துவிடும். மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் ஈயமும் கூடிக் குறையும். தகட்டின் இரு பக்கங்களுக்கும் வெவ்வேறு அளவில்கூடப் பூசலாம். உணவைத் தொடும் உட்பக்கம் தடிமனாகவும் வெளிப்பக்கம் மெல்லியதாகவும். முக்கும் முறையில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அந்த 2.8 கிராம் எவ்வளவு தடிமன்? ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டால் 0.38 மைக்ரோமீட்டர் வரும். உங்கள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. விட்டம் 7.4 சென்டிமீட்டர், உயரம் 8 சென்டிமீட்டர் உள்ள ஒரு பால் டின்னின் உள்ளும் புறமும் சேர்த்தால் மொத்த ஈயம் 0.15 கிராம். முக்கிய காலத்து டின்னாக இருந்தால் முக்கால் கிராமுக்கு மேல் இருந்திருக்கும். (பரப்பளவை நீங்களே கணக்கிட்டு என் விடையைச் சரிபாருங்கள்.)

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 0.38 மைக்ரோமீட்டர் பூச்சில் ஓட்டை விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதலில் சுத்தம். எஃகுச் சுருளில் உருட்டாலை எண்ணெய் ஒட்டியிருக்கும். காரக் கரைசலில் அதைக் கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் ஆக்சைடை நீக்கி, தண்ணீரில் அலசிய பிறகே தொட்டிக்குள் விடுவார்கள். நவச்சாரம் செய்த வேலைதான் இது. பள்ளி ஆய்வில் சாவியின் மேல் படிந்த செம்பு விரலால் தொட்டதும் உரிந்து வருகிறது என்று மாணவர்கள் குறைப்படுவதுண்டு. மணல்தாளால் தேய்க்காமல், விரல் எண்ணெயோடு தொங்கவிட்ட சாவி அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அடுத்தது மின்பகுளி. தொடக்கத்தில் சில ஆலைகள் காரத் தொட்டியைப் பயன்படுத்தின. அதில் ஈயம் நான்கு மின்னேற்ற அயனியாக இருக்கும். ஓர் அணுவைப் படியவைக்க நான்கு எலெக்ட்ரான். அமிலத் தொட்டியில் இரண்டே போதும், மின்சாரம் பாதி மிச்சம். ஆனால் அமிலத் தொட்டியில் வேறு தொல்லை வந்தது. எதுவும் சேர்க்காத அமிலக் கரைசலில் ஈயம் தட்டையாகப் படியாது. ஊசி ஊசியாக, செடி கிளைப்பது போல வளரும். ஒரு சிறு மேடு உண்டானால் அதன் முனையில் மின்னோட்டம் குவியும். குவிந்தால் அங்கேயே மேலும் ஈயம் படியும். மேடு இன்னும் உயரும். பணக்காரன் மேலும் பணக்காரனாகும் கதை! மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் இரும்பு அப்படியே தெரியும். இதைத் தடுக்கச் சில கரிமச் சேர்மங்களைக் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். அவற்றின் மூலக்கூறுகள் மேட்டு முனைகளில் போய் ஒட்டிக்கொண்டு அங்கே ஈயம் படிவதைத் தாமதப்படுத்தும். அதற்குள் பள்ளங்கள் நிரம்பிவிடும். பீனால்சல்ஃபோனிக் அமிலத் தொட்டி நெடுங்காலம் இந்தத் தொழிலை ஆண்டது. இப்போது மீத்தேன்சல்ஃபோனிக் அமிலமும் இடம்பிடித்திருக்கிறது. கழிவுநீரில் அது எளிதாகச் சிதைந்துவிடும் என்பது அதன் பெரிய நன்மை. பாயான் லெப்பாஸ், பிறை போன்ற இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அண்ணன்மாரும் அக்காமாரும் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சில்லுகளின் உலோகக் கால்களுக்கும் ஈய முலாம் உண்டு, அந்தத் தொட்டிகளிலும் இதே அமிலம் பயன்படுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. தொட்டியிலிருந்து வெளிவரும் ஈயம் பளபளப்பாக இருக்காது. மங்கலான சாம்பல் நிறம், நுண்ணோக்கியில் பார்த்தால் துளைகள். போர்க்காலத்தில் முதலில் வந்த மின்முலாம் தகடு இப்படித்தான் இருந்தது. அதற்கு என்ன செய்தார்கள்? பூசிய ஈயத்தை மறுபடி உருக்கினார்கள். ஈயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். எஃகுக்கு அந்த வெப்பம் ஒன்றுமில்லை. ஓடும் தகட்டிலேயே மின்சாரத்தைச் செலுத்தியோ, தூண்டல் சுருள் வழியாகவோ ஒரு கணம் சூடேற்றி, உடனே தண்ணீரில் முக்குவார்கள். உருகிய ஈயம் பரப்பு இழுவிசையால் சமமாகப் பரவித் துளைகளை அடைக்கும். கண்ணாடி போல் மின்னும். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கும். இரும்பும் ஈயமும் சந்திக்கும் இடத்தில், ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு ஈய அணு என்ற விகிதத்தில் மெல்லிய கலவை அடுக்கு உருவாகும். மேலே ஓட்டை விழுந்தாலும் கீழே இந்த இரண்டாவது கதவு கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஆனால் சூட்டை அதிக நேரம் வைத்தால் ஈயம் எல்லாம் கலவையாகவே மாறிவிடும், மேலே மூட ஈயம் மிஞ்சாது. கணக்குத் தப்பக் கூடாது.

டின்னுக்குள் நடக்கும் தலைகீழ்

இதுவரை சொன்னது டின்னின் வெளிப்புறத்துக்கு. உள்ளே கதை மாறுகிறது. அன்னாசி டின்னின் உட்புறம் பெரும்பாலும் வெறும் ஈயமாகவே இருக்கும். அவ்வளவு புளிப்பான பழத்தை, ஓட்டை இருந்தால் இரும்பைக் கரையவைக்கும் உலோகத்துக்குள் அடைக்கிறோம். மாதக்கணக்கில் இருந்தும் டின்னில் ஓட்டை விழுவதில்லை. ஏன்?

நியம மின்னழுத்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள், கரைசலில் ஒவ்வோர் அயனியும் 1 மோலார் செறிவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதினார்கள். அன்னாசிச் சாற்றில் அப்படி இல்லை. அதிலுள்ள சிட்ரிக் அமிலம், கரைந்து வரும் ஈய அயனிகளை உடனே கவ்விப் பிடித்துக்கொள்கிறது. தனித்துத் திரியும் ஈய அயனிகளின் எண்ணிக்கை மிக மிகக் குறைந்துபோகும். சமநிலை என்ன செய்யும்? குறைந்ததை ஈடுகட்ட ஈயம் மேலும் கரைய முற்படும். அதாவது எலெக்ட்ரானைத் தாராளமாக விடும். இதனால் டின்னுக்குள் ஈயத்தின் மின்னழுத்தம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வெளியே வெறும் கவசமாக இருந்த ஈயம், உள்ளே துத்தநாகம் போலக் காவலாளியாகிவிடுகிறது. மூடிய டின்னில் ஆக்சிஜனும் இல்லை என்பதால் அது மிக மெதுவாகத்தான் கரையும். அன்னாசித் துண்டின் மஞ்சள் நிறம் மங்காமல் இருப்பதற்கும் இந்த மெதுவான கரைதல் துணை செய்கிறது.

‘இதைத் தேர்வில் எழுதலாமா, ஆசிரியரே?’ என்று கேட்பீர்கள். ஆணி ஆய்வுக்கான விடையைப் பாடநூலில் உள்ளபடியே எழுதுங்கள். ஆனால் அந்தப் பட்டியல் கல்லில் செதுக்கியது அல்ல, சூழல் மாறினால் வரிசையும் மாறும் என்பது மனத்தில் இருக்கட்டும்.

டின்னைத் திறந்ததும் ஆக்சிஜன் உள்ளே நுழையும்; ஈயம் கரையும் வேகம் பல மடங்கு கூடும். டின் உணவில் ஈயம் ஒரு கிலோகிராமுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் எனப்படும் அனைத்துலக உணவுத் தரம். அதற்கு மேல் போனால் வயிற்றுவலி, வாந்தி வரலாம். திறந்த அன்னாசி டின்னை அப்படியே குளிர்பெட்டியில் வைக்காமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றச் சொல்வது இதனால்தான். உப்பிப்போன டின்னைத் திறக்கவே வேண்டாம். ஈயம் தீர்ந்து இரும்பு கரைந்து ஹைட்ரஜன் சேர்ந்தும் டின் உப்பலாம், கிருமி வளர்ந்தும் உப்பலாம். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

சார்டின் வேறு மாதிரி. மீனிலும் இறைச்சியிலும் உள்ள கந்தகம் ஈயத்தோடு சேர்ந்து கருநீலக் கறை உண்டாக்கும். கெடுதி இல்லை, ஆனால் பார்த்தவர் சாப்பிட மாட்டார். அதனால் அத்தகைய டின்களின் உட்புறத்தில் பொன்னிறத்திலோ வெள்ளையிலோ லேக்கர் பூச்சு கொடுக்கிறார்கள்.

லேக்கர் நன்றாக ஒட்டவும், ஈயத்தின் மேல் ஆக்சைடு வளர்ந்து மஞ்சளிக்காமல் இருக்கவும் கடைசியாக ஒரு படி உண்டு. தகட்டைச் சோடியம் டைக்ரோமேட் கரைசலில் மின்சாரத்தோடு ஓடவிடுவார்கள். சதுர மீட்டருக்குச் சில மில்லிகிராம் குரோமியம் மட்டுமே படியும். சிறிய படி, ஆனால் இன்று இந்தத் துறையில் பெரிய தலைவலி அதுதான். டைக்ரோமேட்டில் உள்ள ஆறு மின்னேற்றக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. தகட்டில் படிந்த பிறகு அது அந்த வடிவத்தில் இருப்பதில்லை; எனவே டின்னில் சாப்பிடுபவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து தொட்டியின் அருகில் நின்று வேலை செய்பவருக்கும், கழிவுநீர் போய்ச் சேரும் ஆற்றுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, டைட்டேனியம், சிர்க்கோனியம் சேர்மங்களைக் கொண்டு குரோமியம் இல்லாத பூச்சு உருவாக்கி ஆலைகள் மாறத் தொடங்கியிருக்கின்றன. எண்பது ஆண்டுகளுக்கு முன் ஈயத்தை மிச்சப்படுத்தப் புறப்பட்ட தொழிலுக்கு இன்று தொழிலாளியின் உடல்நலம் அடுத்த தேர்வாக வந்து நிற்கிறது.

வீட்டில் செய்து பார்க்க ஓர் ஆய்வு. காலியான பால் டின் ஒன்றையும், துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டின்னின் வெளிப்புறத்தில் அச்சு இல்லாத பகுதியில், வேறோர் ஆணியால் இரும்பு தெரியும்படி ஒரு கோடு கீறுங்கள். துத்தநாக ஆணியிலும் அரத்தால் ஒரு சிறு கோடு. விளிம்பு கையைக் கிழிக்கும், துணி சுற்றிப் பிடியுங்கள். இரண்டின் மேலும் உப்பு நீரில் நனைத்த பஞ்சை வைத்து, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்துப் பஞ்சை எடுத்து, எது பழுப்பாகியிருக்கிறது, எதில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே டின்னில் கீறாத இடத்திலும் ஈரப் பஞ்சை வைத்து, ஒரு வாரத்துக்குப் பின் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கே ஊசிமுனைப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் எண்ணுங்கள். அந்தப் புள்ளிகள்தான் அந்தப் பூச்சில் அடைபடாமல் விட்டுப்போன ஓட்டைகள்.